பூக்கேட்ட வெள்ளிக்கிழமை

சிவப்பு அரளி வைத்த பொட்டலத்துக்கு மட்டும் தேஜஸ்ரீ இரண்டு முடிச்சுப் போட்டாள். வெள்ளை அரளிப் பொட்டலத்துக்கு ஒன்று. வாழையிலையும் நூலும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருந்தன. விரலால் தடவினால்தான் தெரியும்.

“கட்டியாச்சா பாப்பா?” கருவறைக்குள்ளிருந்து பூசாரி நஞ்சப்பன் கேட்டார். கையெல்லாம் விளக்கெண்ணெயாக இருந்ததால் அந்த வேலையை அவளிடம் தள்ளியிருந்தார்.

“ஆச்சுங்க.” முடிச்சுகளை இன்னொரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டாள். வேதியியலில் இருநூற்றுக்கு இருநூறு எழுதிய கை. சாமியை ஏமாற்றுவதற்கு அந்தப் பயிற்சி போதவில்லை.

வேறு வழி? இன்னும் நாலே நாளில் ஏதாவது ஒரு கல்லூரியில் சேர்ந்தாக வேண்டும். கோயமுத்தூரில் கெமிக்கல் இன்ஜினியரிங் கிடைத்திருந்தது, புனேயில் பெட்ரோலியம் இன்ஜினியரிங் கிடைத்திருந்தது.

கெமிக்கல் என்றால் காலையில் பஸ் ஏறிப் போய்ச் சாயங்காலம் திருப்பூர் நல்லூர் வீட்டுக்கே திரும்ப வேண்டும். படித்து முடித்ததும் மண்ணரையில் அப்பாவின் சாயப்பட்டறையில் போய் உட்கார வேண்டும். அப்புறம் கல்யாணம், அந்த மாப்பிள்ளையும் ஒரு சாயப்பட்டறை வைத்திருப்பான். பெட்ரோலியம் படித்தவளுக்குத் திருப்பூரில் வேலையே கிடையாது. அந்தப் படிப்பில் அவளுக்கு ரொம்பப் பிடித்த விஷயமே அதுதான்.

அப்பா கதிர்வேல் ஒரு மாதமாக ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார். “கெமிக்கல் படிச்சீன்னா நம்ம டையிங்குக்கு ஆச்சு கண்ணு. சாயத்தண்ணியச் சுத்தம் பண்ணுன்னு கோர்ட்டு கழுத்தப் புடிக்குது. ஊட்டுலயே ஒரு இன்ஜினியர் இருந்தா எனக்கு எத்தன தைரியம்!”

அவள் அழுது பார்த்தாள், இரண்டு நாள் சாப்பிடாமலும் கிடந்து பார்த்தாள். கடைசியில் அவர், “ஆத்தாகிட்டப் பூக்கேட்டுப்போடலாம்” என்று முடித்துவிட்டார். அதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சு கிடையாது. மூத்தவளுக்கு வந்த சம்பந்தத்தில் சிவப்பு விழுந்ததென்று, நிச்சயத்துக்கு வந்து இறங்கிய மாப்பிள்ளை வீட்டாரைக் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பியவர் அவர்.

பூக்கேட்பதற்கு முறை உண்டு. கேட்பவர் கேள்வியை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, மனசுக்குள் ஆத்தாவிடம் கேட்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் செய்யக் கூடாது. கேட்டதையே மறுபடி கேட்பது தெய்வக் குற்றம்.

அப்பா என்ன கேட்பார் என்று அவளுக்குத் தெரியாதா? கெமிக்கலில் சேர்க்கட்டுமா என்றுதான். அதற்குச் சிவப்பு வந்துவிட்டால் மிச்சமிருப்பது புனே ஒன்றுதான்.

கோயிலுக்கு வரும்போது குவாலிஸ் காரில்கூட அவர் விடவில்லை. “அந்தப் புனேயில பொண்ணுங்களுக்குத் தனியா ஆஸ்டல் இருக்குதா கண்ணு? மூணு வேளையும் சப்பாத்திதானா, சோறு போடுவாங்களா?” என்று கேட்டார். தட்டிக்கழிக்கக் காரணம் தேடுகிறார் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. “எல்லாம் இருக்குதுங்கப்பா” என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பூசாரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பொட்டலங்களைக் குலுக்கி ஆத்தாவின் பாதத்தில் போட்டார். கதிர்வேல் கண்ணை மூடிக் கும்பிட்டு நின்றார். உதடு மட்டும் அசைந்தது. நெடுநேரம் கேட்டார்.

“எடுக்கறதுக்குச் சின்னக் கொழந்த ஒண்ணையும் காணோமுங்க” என்று பூசாரி வாசலைப் பார்த்தார். “அல்லாம் பள்ளிக்கூடம் போயிருச்சுங்க.”

பத்து மணிக்குமேல் போகலாம் என்று காலையில் சொன்னதே தேஜஸ்ரீதான்.

“அப்ப பாப்பாவே எடுக்கட்டுமுங்க. ஆனாக் கட்டுனதும் அதுதானுங்க, பரவால்லீங்களா?”

“ஆத்தா முன்னால நின்னு ஆருங்க பித்தலாட்டம் பண்ணுவாங்க? நீயே எடு கண்ணு” என்றார் கதிர்வேல்.

அவளுக்குச் சுருக்கென்றது. ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் ஓடினால் சாயப்பட்டறைக்குத்தான் ஓட வேண்டும். குனிந்தாள். முதல் பொட்டலத்தில் ஒரு முடிச்சு. அதை விட்டுவிட்டு அடுத்ததை எடுத்துப் பூசாரியிடம் நீட்டினாள்.

இலை பிரிந்தது. செக்கச்செவேலென்று அரளி.

“வேண்டாம்னுட்டாளே” என்றார் கதிர்வேல். முகம் ஒரேயடியாக வாடிவிட்டது. அப்பாவைப் பார்க்க அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிய சந்தோஷம் அதைவிடப் பெரியதாக இருந்தது.

“ஆத்தா சொன்னாச் சரியாத்தானுங்கப்பா இருக்கும். நாம மீறக் கூடாதுங்க” என்றாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“மீறுவனா கண்ணு? என்ற உசுரே போனாலும் மீற மாட்டேன்.” அவள் தலையில் கை வைத்தார். “நீ மட்டும் மனச உட்டுப்போடாதே.”

“நான் எதுக்குங்கப்பா மனச உடறேன்?”

கதிர்வேல் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“உன்னையப் புனேக்கு அனுப்பட்டுமான்னுதான் கண்ணு கேட்டேன்.”