கலவைத் தண்ணீர்

மூடிய சுரங்கத்தின் மேல் நட்ட தைலமரங்கள் ஆளுயரம் வளர்ந்துவிட்டன. நிலத்தடித் தண்ணீர் சுத்தமாகிவிட்டது, இனிமேல் சோதிக்க வேண்டியதில்லை என்று ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டு, மாதிரி எடுக்கும் ஆழ்குழாயைச் சிமெண்டால் அடைக்க ஆள் கூட்டி வந்திருந்தார் கம்பெனி இன்ஜினியர். கொத்தனார் மணலையும் சிமெண்டையும் புரட்டி, நடுவில் குழி பறித்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். எதிர்வீட்டுச் செங்கமலம் தன் அடிபம்பில் ஒரு குடம் அடித்து இடுப்பில் கொண்டுவந்தாள்.

இன்ஜினியர் பதறிக் குறுக்கே வந்தார். "ஐயோ, அந்தத் தண்ணி வேணாம்மா. அதுல கலந்தா சிமெண்டு நிக்காது, அரிச்சிரும். டேங்கர் வந்துகிட்டிருக்கு."

காலையில் செங்கமலம் சோறு பொங்கியது அந்தத் தண்ணீரில்தான்.

"சிமெண்டுக்கு ஆகாதது எம்புள்ள வயித்துக்கு ஆகுமா?"

செங்கமலம் குடத்தை அப்படியே கலவைக் குழிக்குள் கவிழ்த்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அடைக்க வேண்டிய குழாயின் வாய்மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"கலக்குங்கண்ணே. அது இறுகுதான்னு பாக்காம நான் எந்திரிக்க மாட்டேன்."