முதல் மாத்திரை டாக்டருக்கு

எழுதிக்கொடுக்கும் மாத்திரையை டாக்டரே முதலில் விழுங்கிக் காட்டினால்தான் நோயாளிகள் தொடுவார்கள். அதுதான் இப்போது எங்கும் வழக்கம். அந்த ஊருக்கு யாழ்நங்கை ஒருத்திதான் டாக்டர்.

அன்று வலிப்புக்காக வந்த செல்லத்தாயி, மாத்திரையை மேசையில் வைத்துவிட்டு யாழ்நங்கையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதை நான் போட முடியாதும்மா. ஆனா நீங்க போட்டே ஆகணும். இன்னொரு தடவை வலிப்பு வந்தா உயிருக்கே ஆபத்து.”

“நல்லாருக்கே! நீங்க போடாததை நான் போடணுமாக்கும்?”

யாழ்நங்கை தயங்கினாள். வெளியூரில் இருக்கும் கணவனிடம்கூட அவள் இன்னும் சொல்லவில்லை.

“நான் மாசமா இருக்கேன். வயித்துப் பிள்ளைக்கு இது ஆகாது.”

செல்லத்தாயி சிரித்துவிட்டாள். “ஆம்பளை டாக்டருன்னா சர்க்கரைம்பாரு, பொம்பளை டாக்டருன்னா மாசம்பாங்க. ஊர் ஊராப் போயி எத்தனை பேரைப் பார்த்துட்டேன் தாயி!”

யாழ்நங்கை வாசல்வரை பின்னாலேயே போய்க் கெஞ்சினாள். செல்லத்தாயி மாத்திரை இல்லாமலே ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

அறைக்குத் திரும்பிய யாழ்நங்கை, கணவனை அழைக்கப் போனை எடுத்தாள். ஏழு வருடம் ஏங்கிக் கிடைத்த செய்தி. ஆனாலும் எண்ணை அழுத்தாமல், முதலில் ஸ்கேன் அறிக்கையைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். வெறும் வாயால் சொன்னால் அவனும் நம்புவானோ, மாட்டானோ.