இரண்டு காலி நாற்காலிகள்

சட்டசபையில் வாக்கெடுப்பு தொடங்கும் நேரத்தில் மில் முதலாளி அந்த வீட்டு வாசலில் வந்து நின்றார். மூட்டை தூக்கிப் பிழைத்து, பிறகு சட்டசபை உறுப்பினரான மூட்டைக்காரரின் மனைவி கதவைப் பாதி சாத்திக்கொண்டு நின்றாள்.

வேலையில் செத்தவர் குடும்பத்துக்கு நஷ்டஈடு கொடுக்கும் மசோதா, அவள் புருஷன் கொண்டுவந்தது. ஜனங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் அதற்கு ஆதரவு. அந்தச் சபையில் ஓட்டுரிமை உள்ள, அரசு நியமித்தவர்களும் அதிகாரிகளும் எதிர்ப்பு. ஆதரவுப் பக்கம் ஒரே ஓட்டுதான் கூடுதல்; சமமாக விழுந்தால் மசோதா தோற்றுவிடும். ஒரு பக்கத்தில் ஒருவர் நோயில் படுத்தால் மறுபக்கத்திலும் ஒருவர் ஓட்டுப் போடாமல் ஒதுங்குவது அந்தச் சபை வழக்கம். மூட்டைக்காரர் படுத்ததால் ஒதுங்கியவர், நியமன உறுப்பினரான இந்த முதலாளி.

"என்னைத் தலையாட்டிப் பொம்மைன்னு சபையிலயே சொன்ன மனுஷன். ஒரு எட்டு பாத்துட்டுப் போறேனே."

"தூங்குறாருங்க ஐயா..."

"எழுப்ப மாட்டேன்மா."

அவள் தடுப்பதற்குள் அறைக்குள் போய்விட்டார். அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் வெளியே வந்தபோது சட்டைப்பையில் போன் அடித்தது.

"ஆளு இருக்காரா, போயிட்டாரா? போயிட்டா நீங்க ஒதுங்க வேண்டியதில்ல. உடனே வாங்க, உங்க ஓட்டு விழுந்தா மசோதா காலி!" சபையிலிருந்து அவர் பக்கத்து ஆள் போட்ட அந்த அதட்டல் அவளுக்கே கேட்டது.

"நல்லாத் தூங்குறாரு. நான் வரல" என்றார் முதலாளி.

அவர் அங்கேயே உட்கார்ந்துகொண்டார். மறுபடி போன் வந்தது. ஒரே ஓட்டில் மசோதா நிறைவேறிவிட்டது.

முதலாளி எழுந்து செருப்பை மாட்டினார்.

"கையைத் தொட்டுப் பாத்தேம்மா, சில்லுன்னு இருந்துச்சு. எப்பலேருந்து பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கீங்களோ. இனி வாய்விட்டு அழுங்க."