கம்பி என்றொரு ஆசாமி

"நீங்க கெர்னல் டிரைவரை மாத்தினதுலேர்ந்து, போனை யுஎஸ்பி வயர்ல மாட்டினா கம்ப்யூட்டருக்கு நெட் வரல. தயவுசெஞ்சு பழையபடி ஆக்கிடுங்க ஐயா."

'கம்பி' என்ற புனைபெயரில் மறுபடியும் மெயில். மாடி அறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பொறியாளருக்குப் பொறி தட்டியது. கணினியைப் போனோடு பேசவைக்கும் அந்த டிரைவர் மென்பொருளில் அவர் செய்த மாற்றம் இன்னும் வெளியே போகவே இல்லை. சோதனைக்காகச் சில கணினிகளில் மட்டும்தான் போட்டிருந்தார். இவனுக்கு எப்படித் தெரிந்தது?

துணி காயப்போட மாடிக்கு வந்த மனைவியிடம் பொருமினார். "எவனோ வேவு பாக்குறான். போட்டிக் கம்பெனி ஆளாத்தான் இருக்கணும்."

"பழையபடி ஆக்கிட்டா என்ன குறைஞ்சா போயிடும்?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

ஆளின் வாயைக் கிளற, "எந்த போன், எப்படி மாட்டினீங்க?" என்று பவ்வியமாகப் பதில் போட்டார். விவரம் உடனே வந்தது. அதேபோல் மாட்டிப் பார்த்தார். நெட் வரவில்லை. தப்பு தன்னுடையதுதான்!

முணுமுணுத்துக்கொண்டே மாற்றத்தை நீக்கினார். சோதனைக் கணினிகளில் ஒன்று வீட்டிலேயே இருந்தது. அதிலும் பழைய டிரைவரைப் போட, பென் டிரைவோடு கீழே இறங்கினார்.

அந்தக் கணினியில் தன் போனை வயரால் மாட்டிவிட்டுக் காத்திருந்தாள் மனைவி.

"சீக்கிரம் போடுங்க. ஆன்லைன்ல டியூஷன் பிள்ளைங்க எனக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க."

"நீதானா கம்பி? என்கிட்ட நேர்லயே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேனே. ஒவ்வொரு தடவையும் 'ம்'னீங்க. 'ஐயா'ன்னு மெயில் போட்டப்புறம்தான் உங்களுக்குக் காது கேட்டுச்சு."