கடைசி அறைக்கு ஒரு போர்டு

“கறுப்பு வேண்டாம் சிஸ்டர். கறுப்பைப் பார்த்துட்டு யாரு உள்ள வருவா?”

சமூகக் கூடத்தின் கடைசி அறை வாசலில் நின்று, கதவுக்கு மேலிருந்த போர்டை அண்ணாந்து பார்த்தபடி சொன்னாள் டிசைனர். கறுப்பில் வெள்ளை எழுத்து: ‘குழந்தைகளை இழந்த பெற்றோர் ஆறுதல் மையம்’. ஓரத்தில் உருகி வழியும் ஒரு மெழுகுவத்தி.

நர்சம்மாவுக்குச் சுருக்கென்றது. அந்த வாசகம் அவரே எழுதிக் கொடுத்தது. இருபத்திரண்டு வயது மகனைப் பறிகொடுத்த மறு வருடம், ஓய்வு பெற்ற கையோடு தொடங்கிய மையம். ஏழு மாதமாக வியாழன்தோறும் ஆறு நாற்காலிகளைப் போட்டுவிட்டு ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்கிறார். இந்த மாதமும் யாரும் வராவிட்டால் அறையை டேபிள் டென்னிஸுக்குக் கொடுத்துவிடுவதாகச் செயலாளர் சொல்லியாயிற்று. இந்த நேரத்தில்தான், போர்டை மாற்றித் தருகிறேன் என்று இந்தப் பெண் தானாக வந்து நின்றாள். இப்போது தொட்டதற்கெல்லாம் நொட்டை சொல்கிறாள்.

“சரி, வேற என்ன கலர்?”

“வெளிர் மஞ்சள். உருண்டை எழுத்து. மேல வேண்டாம், பக்கத்துச் சுவர்ல கண்ணுக்கு நேரா வைக்கலாம். அண்ணாந்து படிச்சா ரோட்டுல போறவங்க திரும்பிப் பார்ப்பாங்க.”

“பார்த்தா பார்த்துட்டுப் போகட்டுமே.”

“பின்வாசலுக்கும் ஒரு அம்புக்குறி போட்டுடறேன். முன்னாடி டான்ஸ் கிளாஸ் பிள்ளைங்க நிறைய நிக்குதுங்க.”

“அதுங்க வழி விடும்மா. அதுக்காகச் சுத்திக்கிட்டு வரணுமா?”

டிசைனர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். ‘வியாழன், மாலை ஐந்து மணி. பேச வேண்டியதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கலாம்.’ ‘பிள்ளையை இழந்தவர்களுக்கு’ என்பது கீழே, கிட்டத்தில் போனால் மட்டும் தெரியும் அளவில்.

நர்சம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“என்னம்மா இது, பார்க்குல வைக்கிற போர்டு மாதிரி? பிள்ளையைப் பறிகொடுத்தவங்க மனசு உனக்கு எங்க தெரியப்போகுது?”

“எனக்கு எழுத்தும் கலரும்தான் சிஸ்டர் தெரியும். ஒரு தடவை வெச்சுப் பாருங்க.”

வேறு வழியில்லாமல் வைத்தார். அடுத்த வியாழன் யாரும் வரவில்லை. அதற்கடுத்ததும் அப்படியே போனது.

மாதத்தின் கடைசி வியாழன். மணி ஐந்தே முக்கால். நர்சம்மா நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தபோது பின்கதவு மெல்லத் திறந்தது. டிசைனர்தான்.

“வாம்மா. போர்டைக் கழட்டிக்கிட்டுப் போக வந்தியா? உன் மேல தப்பில்ல. நான்தான் அன்னிக்கு ஏதோ கோபத்துல பேசிட்டேன்.”

அவள் உள்ளே வந்தாள். அடுக்காமல் மிச்சமிருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“போர்டுக்காக வரல சிஸ்டர். எம் பொண்ணுக்கு ஆறு வயசு. போன மழைக்காலத்துல போயிட்டா. என்னால உள்ள வர முடியற மாதிரி ஒரு போர்டு வேணும்னுதான் அதைச் செஞ்சேன்.”