கொசுறு

"எதுத்த வீட்டுல ஒரு வெளிநாட்டுப் பொம்பளை இருக்காமே?" என்று கேட்டுக்கொண்டே அந்த ஆள் கடை வாசலில் பைக்கை ஓரங்கட்டினார்.

மலைச்சாமி துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை, கண் மட்டும் ஒருதரம் ஏறி இறங்கியது. மழைக்கோட்டுக்குக் கீழே காக்கி பேன்ட். பழுப்பு ஷூ. மூட்டையைப் பிரிக்காமலே சரக்கு என்னவென்று தெரிந்துவிட்டது.

போலீஸ்.

எதிர்வீட்டில் பூட்டுத் தொங்கியது. கௌதம்ராஜும் அவன் மனைவி அல்மாஸும் வக்கீலைப் பார்க்கக் காலை பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தார்கள்.

எத்தியோப்பியாவில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர் வேலை பார்த்தவன் கௌதம்ராஜ். அங்கேயே அல்மாஸைக் கட்டிக்கொண்டு ராஜபாளையத்துக்குத் திரும்பி வந்தான். அவனுக்கு இது சொந்த ஊர். அவளுக்கு விசா உள்ளமட்டும் ஊர். அந்த விசா இந்த மாதத்தோடு முடிகிறது.

"நீட்டிச்சுத் தரலேன்னா அவளை அனுப்பிருவாக அண்ணாச்சி" என்று போன வாரம் இதே வாசலில் நின்று சொன்னவன், வாங்க வந்த சாமானை மறந்து வெறும் பையோடு திரும்பிப் போனான்.

அல்மாஸ் தமிழ் படித்ததே மலைச்சாமி கடையில்தான். முதலில் வந்த வார்த்தை கொசுறு. என்ன வாங்கினாலும் கடைசியில் உள்ளங்கையை நீட்டிவிடுவாள். மலைச்சாமியும் ரெண்டு ஈர்க்குக் கறிவேப்பிலை வைப்பார். மூன்றாவது ஈர்க்கு அவர் கையிலிருந்து யாருக்கும் போனதில்லை.

அந்தப் பிள்ளையைத் தூக்கிப்போக ஆள் வந்துவிட்டது.

வந்தவரை வெறுங்கையோடு அனுப்பி மலைச்சாமிக்குப் பழக்கமில்லை. இன்றைக்கு அனுப்பியாக வேண்டும்.

"இருந்துச்சு சார். இப்ப இல்ல."

"எங்க போச்சு?"

"அது ஊருக்கே போயிருச்சு. மாசக்கணக்காச்சு."

அந்த ஆள் எதிர்வீட்டைத் திரும்பிப் பார்த்தார். வாசல் கூரைக்கு அடியில், கொடியில், கலர்க்கரை போட்ட வெள்ளைச் சால்வை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. ராஜபாளையத்தில் எந்த ஜவுளிக்கடையிலும் கிடைக்காத சால்வை.

"அது யாருது?"

"என்னுது சார்." உள்ளேயிருந்து மலைச்சாமியின் மனைவி பாண்டீஸ்வரி குரல் கொடுத்தாள். "நம்ம வீடு ஒழுகுது. அதான் அங்கன போட்டுருக்கேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவளை அவர் அப்படி மெச்சியதில்லை.

பொய்யும் சரக்குதான். சரியாக அளந்து கொடுத்தால் வாங்குகிறவனுக்குச் சந்தேகம் வரும். மேலே ஒரு பிடி போட்டால் பையை மூடிக்கொண்டு போய்விடுவான்.

மலைச்சாமி மேலே ஒரு பிடி போட்டார்.

"ரெண்டுக்கும் ஆகவே ஆகாது சார். கல்யாணமெல்லாம் பேருக்குத்தான். புருஷன் பொண்டாட்டியா இருந்து இந்தத் தெருவுல யாரும் பாத்ததில்ல."

வந்தவர் முகம் வாடிவிட்டது. விலை படியாமல் திரும்புகிறவனின் முகம் என்று மலைச்சாமி அதை எடுத்துக்கொண்டார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி."

"இதுல யோசிக்க என்ன சார் இருக்கு?"

அந்த ஆள் போனில் ரெக்கார்டிங்கைப் போட்டு நீட்டினார். மலைச்சாமி பேரைச் சொல்லி, கடையைச் சொல்லி, எல்லாவற்றையும் மறுபடி ஒருதரம் அதில் சொன்னார். முதல் தரத்தைவிட நன்றாக வந்தது.

பைக் முக்கு திரும்பியதும் பாண்டீஸ்வரி வெளியே வந்தாள். "நல்லவேளை, அந்தப் பிள்ளை வீட்டுல இல்ல."

பொழுது இறங்கும் நேரத்தில் மழை வலுத்தது. மேற்கே மலையே தெரியவில்லை. கௌதம்ராஜும் அல்மாஸும் ஒரே குடைக்குள் நனைந்துகொண்டு வந்தார்கள். கௌதம்ராஜ் பால்கோவாப் பொட்டலத்தைக் கல்லாவில் வைத்தான்.

"இனிமே எல்லாம் ஒங்க கையிலதான் அண்ணாச்சி."

"என்னலே சொல்லுத?"

"வக்கீல் இன்னைக்குத்தான் வெவரம் சொன்னாரு. விசா நீட்டிக்கணும்னா போலீசு வந்து அக்கம்பக்கத்துல விசாரிப்பாகளாம். ரெண்டு பேரும் ஒண்ணாக் குடும்பம் நடத்துதாகளா, இல்ல பேருக்குக் கட்டுன கல்யாணமான்னு. எதுத்த கடை, ஒங்களைத்தான் மொத கேப்பாக. நாலு வார்த்தை நல்லதாச் சொல்லுங்க."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"யாரும் வந்தாகளா அண்ணாச்சி?"

சொல்லிவிடலாம். ஆனால் நேரத்துக்கு ஒரு பேச்சுப் பேசுகிற வியாபாரியை ஸ்டேஷனில் எவன் நம்புவான்? அந்தப் போனுக்குள் அவர் குரலே அவருக்கு எதிராக உட்கார்ந்திருக்கிறது.

"வந்தா நான் பாத்துக்கிடுதேன்லே."

கௌதம்ராஜ் கும்பிட்டுவிட்டுப் பூட்டைத் திறக்கப் போனான். அல்மாஸ் தக்காளி பொறுக்கினாள், வெங்காயம் பொறுக்கினாள், காசு கொடுத்தாள். பிறகு உள்ளங்கையை நீட்டினாள்.

"அண்ணாச்சி, கொசுறு?"

மலைச்சாமி கறிவேப்பிலையை எடுத்தார். ஈர்க்கு பிய்க்கவில்லை. கட்டோடு தூக்கி அவள் கையில் வைத்தார்.

"இம்புட்டா!" என்று அவள் சிரித்தாள்.

சிரித்துக்கொண்டே எதிரே போய், கொடியில் கிடந்த சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.