நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை

“எத்தனாவது மாடி, மேடம்?”

“நாலாவது, சார்.”

“லிஃப்ட் இருக்கா?”

“இல்ல.”

கீழ்ப் போர்ஷன்காரர் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கே மூச்சு வாங்குவது போலிருந்தது.

“நாய்?”

“ஒண்ணு இருக்கு. ஒண்ணும் செய்யாதுன்னு சொன்னாங்க.”

“நாய் வச்சிருக்கிற எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அவுத்து விட்டிருக்கா, கட்டிப் போட்டிருக்கா?”

“நான் போனப்ப கட்டித்தான் இருந்துச்சு, சார்.”

“சாயங்காலம் எல்லாம் கட்டித்தான் போடுவாங்க,” என்று பெருமூச்சு விட்டபடி அவர் உள்ளே போய்விட்டார்.

அவள் படியேறி வீட்டுக்கு வந்தபோது முகத்தில் அசட்டுச் சிரிப்பு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. முப்பத்தேழு வயதில் அதை எங்கே ஒளித்து வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

எல்லாம் உள்ளூர்ப் பத்திரிகை செய்த வேலை. ‘ஊருக்குப் பிடித்த முகம்’ என்று ஒரு போட்டி வைத்திருந்தார்கள். ஒரு வருடச் சந்தா பிடித்துக் கொடுத்தால் நூறு ஓட்டு. முதல் பரிசு ஒரு ஸ்கூட்டர்.

கண் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருடமாக வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் முகத்தை ஊரில் யாருமே சரியாகப் பார்த்ததில்லை. வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கண்ணில் சொட்டு மருந்து, மீதிப் பேருக்குக் கட்டு. அந்த ஆதங்கத்தில்தான் போட்டியில் பெயர் கொடுத்தாள். தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறவளுக்கு ஸ்கூட்டர் கசக்குமா என்ன?

பகலில் ஆஸ்பத்திரியிலேயே வியாபாரம் நடந்தது. கட்டுப் பிரித்து வெளியே வருகிறவர் கையில் பேப்பரைக் கொடுப்பாள்.

“இந்தப் பொடி எழுத்து தெரியுதா பாருங்க.”

“அடடே, பளிச்சுனு தெரியுதும்மா!”

“அப்ப ஒரு வருஷத்துக்கு எழுதிக்கட்டுமா?”

சாயங்காலம் வீடு வீடாக ஏறி இறங்கினாள். திரும்பி வரும்போது கேட்டருகே கீழ்ப் போர்ஷன்காரர் நிற்பார். குடிவந்து ஒரு மாதம்தான் ஆகிறது. நாற்பது வயதிருக்கும், தனிக்கட்டை, அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். முதல் நாள் அவள் கையிலிருந்த சந்தாப் புத்தகத்தைப் பார்த்து என்ன என்று விசாரித்தார். அன்றிலிருந்து தினமும் எத்தனை வீடு, எந்த மாடி, லிஃப்ட் உண்டா, நாய் உண்டா என்று ஒன்று விடாமல் கேட்டார்.

“பின்பக்கத் தெருவுல எல்லாமே தரைத்தளம்தான், மேடம். அங்க போங்களேன், எதுக்குப் படியேறிக்கிட்டு?” என்று ஒரு நாள் கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

அதை அம்மாவிடம் சொன்னபோது அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“ஏண்டி, உங்கப்பா என்னைக்காவது எனக்குக் கால் வலிக்குதான்னு கேட்டிருக்காரா?”

“சும்மா இரும்மா. ஏதோ அக்கறையில கேக்கறார்.”

“அதைத்தான் நானும் சொல்றேன். நல்ல மனுஷன். விடியறதுக்குள்ள எழுந்து சைக்கிள எடுத்துட்டுப் போயிடறார். எவ்வளவு உடற்பயிற்சி! இந்த வயசுல எந்த ஆம்பள உடம்பை இப்படிப் பாத்துக்கறான்?”

“அவர் மனசுல என்ன இருக்குன்னு நமக்கு எப்படித் தெரியும்?”

“ஜெயிச்சுட்டு வா. தானா வாயத் திறப்பார்.”

அதன் பிறகு அவளுக்கு வெறியே வந்துவிட்டது. போட்டியில் அவளை எதிர்த்து நின்ற ஜிம் மாஸ்டர் மூவாயிரம் ஓட்டு முன்னால் இருந்தார். அவள் குன்றின் மேலிருந்த குடியிருப்பை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வளைத்துப் போட்டாள். ஏழு பிளாக், எதிலும் லிஃப்ட் கிடையாது. அன்று கணக்கைக் கேட்ட கீழ்ப் போர்ஷன்காரர் அப்படியே வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். தனக்காக ஒருவர் இப்படித் துடிப்பதைப் பார்த்து அவள் மாடிக்கு ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மாதக் கடைசி நாள் முடிவு வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு சந்தா. அவளுக்குத்தான் முதல் பரிசு. பேப்பரில் அவள் முகம் நான்கு பத்தி அகலத்துக்கு வந்திருந்தது.

அன்று சாயங்காலமே அழைப்பு மணி அடித்தது. இஸ்திரி போட்ட சட்டையோடு கீழ்ப் போர்ஷன்காரர் நின்றிருந்தார். அம்மா நல்ல கோப்பையில் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சுத்தி வளைக்காம கேட்டுடறேன், மேடம். ரெண்டு நாளா தூக்கமே இல்ல.”

“சொல்லுங்க, சார்.” அவள் தலை தானாகக் குனிந்தது.

“கூச்சமாத்தான் இருக்கு. ஆனா உங்கள விட்டா எனக்கு வேற யாரும் இல்ல.”

சமையலறையில் ஒரு கரண்டி கீழே விழுந்தது.

“அம்மா கைதவறிப் போட்டிருப்பாங்க. நீங்க சொல்லுங்க.”

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்:

“அந்த ஸ்கூட்டரைத் தினமும் காலையில மட்டும் எனக்குக் கொடுப்பீங்களா? நீங்க பிடிச்ச முந்நூத்திப் பன்னெண்டு வீட்டுக்கும் நாளையிலருந்து பேப்பர் போடப் போறவன் நான்தான், மேடம்.”